உடம்பு சுகமாயிருந்தாலும் இரத்தத்தைப் பார்க்கவேண்டும்

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். இரத்தம் கட்டியாகாமல் இருக்க அவர் நாள்தோறும் வாபரின் குளிசை எடுக்கிறார். இன்று கிளினிக் நாள். ஆனால் அவர் போகவில்லை. “பிள்ளை, எனக்கு இப்ப ஒரு வருத்தமுமில்லை. குளிசையும் கிடக்கு. ரத்தம் எடுக்கிறதுக்காக ஒரு நாள் கூலியை விட்டுப்போட்டு பஸ்ஸுக்கும் காசு குடுக்கவேணுமோ?” என்று மகளிடம் கேட்கிறார்.

அவரது கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சரியான விடை தெரியாவிட்டால் அவரது உயிருக்கே ஆபத்து வரலாம். அந்த விடையை இப்பாடத்தில் தேடுவோம்.

மாடுகள் தந்த பாடம்

1920களில் வட அமெரிக்காவில், கொம்பு வெட்டிய மாடுகளும் நலமடித்த மாடுகளும் இரத்தம் நிற்காமல் இறந்தன. பூஞ்சணம் பிடித்த குளோவர் என்னும் தீவனப் பயிரை உண்டதே காரணம் எனக் கண்டார்கள். 1933ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் இறந்த பசுக்கன்றையும் உறையாத இரத்தம் நிறைந்த பாத்திரத்தையும் பனிப்புயலினூடாகப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு கார்ல் போல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு, பல ஆண்டு உழைப்பின் பின் அந்த நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவானதே வாபரின். 1948இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது.

எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது. அந்த அளவைக் காட்டுவதுதான் இரத்தப் பரிசோதனை.

எதை அளக்கிறார்கள்?

காயம் பட்டால் இரத்தம் உறைவதற்குரிய பொருட்களை எமது ஈரல் விற்றமின் ‘கே’யின் உதவியுடன் செய்கிறது. வாபரின் இந்த வேலையைத் தடுக்கிறது. தடை போதாவிட்டால் வால்வில் இரத்தம் கட்டியாகி, மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கலாம். தடை மிஞ்சினால் குடலிலோ மூளையிலோ இரத்தம் கசியலாம். இரண்டுமே முன்கூட்டி வலியைத் தருவதில்லை. ஆகவே “சுகமாயிருக்கிறேன்” என்ற உணர்வை நம்பி இருக்க முடியாது.

பரிசோதனையின் முடிவை ஐ.என்.ஆர். என்பார்கள். இம்மருந்து எடுக்காத சுகதேகிக்கு அது ஏறக்குறைய 1. இதயத் துடிப்பு ஒழுங்கீனத்துக்காக வாபரின் எடுப்போருக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்கவேண்டும். செயற்கை வால்வு உள்ள சிலருக்கு இதிலும் கூடுதலாகத் தேவைப்படும். உங்களுக்குரிய எண்ணை வைத்தியரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அடிக்கடியும், அளவு நிலைபெற்றபின் சில வாரங்களுக்கு ஒருமுறையும் பரிசோதிப்பார்கள்.

அளவைக் குழப்புபவை

1. வேறு மருந்துகள்: அஸ்பிரின், டைக்குளோபினாக், ஐபியூபுரோபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். மெற்றோனிடசோல், கோட்ரைமொக்சசோல் முதலிய கிருமி மருந்துகள் ஐ.என்.ஆரை உயர்த்தும். முழங்கால் நோ என்று கடையில் குளிசை வாங்கவேண்டாம். நாட்டு மருந்தாயினும் வைத்தியரிடம் சொல்லாமல் எடுக்கவேண்டாம்.

2. கீரை: இதில் விற்றமின் ‘கே’ உண்டு. அதற்காகக் கீரையைக் கைவிடத் தேவையில்லை. ஒரு வாரம் நாள்தோறும் வல்லாரையும் முருங்கையிலையும், மறுவாரம் ஒன்றுமில்லை என்றிராமல், ஏறத்தாழ ஒரே அளவாக உண்ணுங்கள்.

3. மதுபானம், காய்ச்சல், வயிற்றோட்டம், உணவு இறங்காமை: இவையும் அளவை மாற்றும்.

குளிசையை ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்கவேண்டாம். பல் பிடுங்கும் முன் மருந்தைத் தெரிவியுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கு இம்மருந்து தீங்கு செய்யக்கூடும். எனவே கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்னதாகவே வைத்தியரைக் காணவேண்டும்.

உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய வேளைகள்

முரசிலோ மூக்கிலோ நிற்காத இரத்தம், கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், மிகையான மாதவிடாய், காரணமின்றிக் கண்டல் காயங்கள், கடும் தலையிடி, தலையில் அடிபடுதல், முகம் கோணுதல், கைகால் வழங்காமை. இவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது.

வாபரின் மட்டுமல்ல

மூட்டுவாதத்துக்குரிய மெதொற்றெக்சேற் குளிசைக்கும் இரத்தக் கணங்கள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனை வேண்டும். அது வாரத்தில் ஒரே நாள் எடுப்பது. நாள்தோறும் எடுத்து இறந்தோர் உண்டு. மனநோய்க்குரிய லிதியம், குளோசப்பின் ஆகியவற்றுக்கும் ஒழுங்கான இரத்தப் பரிசோதனை உண்டு.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்: “அம்மா, நீங்கள் சுகமாயிருப்பது குளிசையால். அந்தக் குளிசை உங்களைத் தாக்காமலிருப்பது பரிசோதனையால்.” ஆனால் விடை சொல்வதுடன் எமது கடமை முடிவதில்லை. பஸ் காசும் கூலியும் அவருக்கு மெய்யான பாரம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது ஊரில் இரத்தப் பரிசோதனையுடன் மருந்தெடுப்போர் யார் யார்?
2. அவர்களது கிளினிக் நாளை நினைவூட்ட யார் பொறுப்பேற்பார்?
3. ஒரே நாளில் போவோர் சேர்ந்து போக ஒழுங்கு செய்யலாமா? கூலியை இழப்பவருக்கு எமது சங்கம் எவ்வாறு உதவலாம்?