நாளை எண்ணி விதைப்போம்! (கடைமடை நெல்லுக்கு ஒரு பாடம்)



மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம் வகுப்பில் பலர் கம்ப்யூட்டர், ராக்கெட் என்று எழுதப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்தது நெல்தான். எங்கள் குடும்பத்தில் புத்தகம் தூக்கிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆனால் மண்ணை முகர்ந்து பார்த்தே ஈரம் சொல்வார். அவர் சொன்னதையும், நான் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் நிலை என்ன?

மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்தது கல்லணைக் கால்வாய். 148 கிலோமீட்டர் ஓடி, நம் மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்கள். ஆனால் கட்டுமாவடியில் எங்கள் மூன்று மா நிலத்துக்கு அது வந்து சேரும் என்று நம்பி விதைக்க முடியாது. கண்மாயும் ஐப்பசி மழையும்தான் கதி. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. எங்கள் பக்கம் ஆடியில் காற்றுதான் அடிக்கும். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம்.

நான் கற்ற கணக்கு

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம், பக்கத்து வயல்காரர் போட்டார் என்று அப்பாவும் சி.ஆர். 1009 (பொன்மணி) விதைத்தார். நல்ல நெல்தான், ஆனால் 155 நாள் பயிர். அக்டோபர் தொடக்கத்து மழையில் முளைத்தது. பயிர் பச்சைப்பசேல் என்று நின்றது. பிப்ரவரி முதல் வாரம் பூத்தபோது கண்மாய் காய்ந்துவிட்டது. அறுத்ததில் பாதிக்கு மேல் பதர். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் என் இரண்டாம் பருவக் கட்டணம் கட்டினோம்.

அன்று இரவு காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெல் அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்பு பூக்கிறது. அந்தச் சமயம் தண்ணீர் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. அடைமழையில் மாட்டினாலும் மகரந்தம் கெட்டுப் பதராகும். எனவே பூ, கார்த்திகை மழை ஓய்ந்த பின்னும் கண்மாய் வற்றும் முன்னும் வர வேண்டும். எங்களுக்கு அது மார்கழி.

புழுதி விதைப்பில் நாளை, விதைத்த தேதியிலிருந்து அல்ல, விதை நனைந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் முளைத்தால் 135 நாள் ரகம் (ஆடுதுறை 46, திருச்சி 3) டிசம்பர் நடுவில் பூக்கும். அக்டோபருக்குத் தள்ளிப்போனால் 110 நாள் ரகம் (ஏ.எஸ்.டி. 16, கோ 51) டிசம்பர் 20 வாக்கில் பூத்து, பொங்கல் கழித்து அறுவடைக்கு வரும்.

பருவந்தோறும் செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசி: கோடை மழை பெய்ததும் உழுது போடுங்கள். களையும் புழுக்கூடும் வெயிலில் சாகும். உழுத மண் மழையைக் குடிக்கும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். கடலோரத்தில் உவர் வேறு, களர் வேறு. ஜிப்சம் களருக்கு மருந்து. உவருக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவுவதுதான் வழி. மின்கடத்து திறன் 4-க்கு மேல் காட்டினால் அது உவர் மண். ஈரம் கிடைத்தால் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழலாம், உப்பையும் தாங்கும்.

ஆவணி, புரட்டாசி: முட்டை மிதக்கும் அளவு உப்பைக் கரைத்து அதில் விதையைக் கொட்டுங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) கரைத்து, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் வீதம் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்றால் 300 கிராம் போதும். இப்படிக் கடினப்படுத்திய விதை முளைத்த பின் வறட்சியைத் தாங்கும்.

ஐப்பசி, கார்த்திகை: புழுதி நெல்லுக்கு முதல் எதிரி களை. முதல் மாதம் விட்டால் பிறகு பிடிக்க முடியாது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், ஈரம் உள்ளபோது தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்துக் கொடுங்கள். வடிகாலை முன்கூட்டியே வெட்டி வையுங்கள்.

மார்கழி, தை: பூக்கும் வயலைக் காயவிடாதீர்கள். கதிரில் நூற்றுக்கு எண்பது மணி பழுத்தால் அறுக்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதவீதம். அதனால் காயவைத்துக் கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதில்லை. களிமண் வயலானால் அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடலாம்.

அப்பா சொன்னது

மறு வருஷம் புரட்டாசி தள்ளிவிட்டது. "அப்பா, குறுகிய நாள் நெல்லே போடுங்க" என்றேன். "மழை என்ன உன் காலண்டரைப் பாத்தா பெய்யுது?" என்று சிரித்தார். ஆனாலும் ஏ.எஸ்.டி. 16 போட்டார். ஒன்றும் அதிசயம் நடக்கவில்லை, ஏக்கருக்குப் பதினைந்து மூட்டை. ஆனால் மூட்டையில் பதர் இல்லை. தோடு வீட்டுக்கு வந்தது. ஒரு வருஷத்தை வைத்து ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். மழை தவறினால் எந்தக் கணக்கும் தவறும். ஆனால் இந்த வருஷம் விதை வாங்கப் போகும் முன் அப்பாவே, "தம்பி, அந்தக் காலண்டரை எடு" என்றார்.

நண்பர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் யாருக்கும் எழுத்துத் தெரியாமல் இருக்கலாம், அனுபவம் இருக்கிறது. நமக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். இந்த ஆவணியில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, காலண்டரும் பேனாவுமாக அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். பூக்கும் நாளை முதலில் குறியுங்கள். பிறகு விதை வாங்கப் போகலாம்.



– மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், கட்டுமாவடி