ஆவிக்குள் இருக்கும் சூடு

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 290 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே நீர் முழுவதும் ஆவியாக மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். தெர்மாமீட்டரில் ஏறாத இந்தச் சூடுதான் உள்ளுறை வெப்பம். ஆவி மறுபடி நீராகும்போது, வாங்கியதைப் பாக்கியில்லாமல் திருப்பித் தந்துவிடும். இந்த வரவு செலவைக் கவனிக்காததால் நிலைத்துவிட்ட நம்பிக்கைகள் சில:

நம்பிக்கை: கொதிநீரும் ஆவியும் 100 டிகிரிதான், சுட்டால் காயமும் ஒன்றுதான்.

உண்மை: ஆவிக் காயம்தான் மோசம். தோலில் பட்டதும் ஆவி நீராகி, உள்ளுறை வெப்பம் அத்தனையையும் அங்கேயே இறக்குகிறது. இட்லி மாவு வேகமாக வேவதும் இதனால்தான்.

நம்பிக்கை: பானைத் தண்ணீர் குளிர்வது மண்ணின் குணம்.

உண்மை: நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெளிப்புறம் முழுக்க பெயிண்ட் அடித்தால் துளை அடைபட்டுக் குளிர்ச்சி போய்விடும். காற்றில் ஈரம் மிகுந்தாலும் ஆவியாதல் மந்தமாகும். டெல்லியின் வறண்ட கோடையில் சில்லென்று வீசும் ஏர்கூலர், சென்னையில் புழுக்கத்தைக் கூட்டுவது இதனால்தான்.

நம்பிக்கை: ஆரம்பகால நீராவி எஞ்சின்களை ஓட்டியது ஆவியின் தள்ளுவிசை.

உண்மை: இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைக்க 1712-இல் நியூகோமன் அமைத்த எஞ்சினில், ஆவி நீரான பிறகே வேலை நடந்தது. சிலிண்டருக்குள் குளிர்நீரைப் பீய்ச்சியதும் ஆவி நீராகச் சுருங்கும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே அமுக்கும். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் சிலிண்டரைக் குளிரவைத்துத் திரும்பச் சூடாக்கியதில் நிலக்கரி வீணானது. ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலன் வைத்து, 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் ஜேம்ஸ் வாட். இன்றைய அனல்மின் நிலையத்திலும் டர்பைனை அடுத்து, ஆவியை நீராக்கும் அத்தகைய தனிக் கலன் (கண்டென்சர்) இருக்கிறது.

நம்பிக்கை: மரமும் மலையும் தடுப்பதால்தான் கரையேறிய புயல் அடங்குகிறது.

உண்மை: தரையின் உராய்வுக்கும் பங்குண்டு. ஆனால் புயலுக்குத் தீனி, சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடேறிய கடலிலிருந்து எழும் ஆவி. அது மேலே மேகமாகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றை இன்னும் உயர்த்துகிறது. கீழே அழுத்தம் குறைந்து சுற்றுப்புறக் காற்று பாய்ந்து வருகிறது. கரையேறினால் அந்தத் தீனி நின்றுவிடும். தமிழகத்தைக் கடக்கையில் நலிந்த சில புயல்கள், அரபிக்கடலில் இறங்கியதும் மறுபடி வலுப்பெறுவது அதனால்தான்.