அதற்கு என்ன சாப்பாடு போட்டாய்?

புராஜெக்ட்டுக்குத் தோல் பாக்டீரியாவை எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராஃபி) மெஷின் பக்கம் போகும் முன் நோட்டில் குறித்துவிடு: என்ன மீடியா, எந்த லாட், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், காற்றோடா காற்றில்லாமலா. எம்.எஸ்சி.யில் நான் ஒரே ஸ்ட்ரெய்னைச் சில தட்டுகளில் 30 டிகிரியிலும் சிலவற்றில் 37-லும் வளர்த்துவிட்டேன். கொழுப்பு அமிலப் பட்டியல்கள் ஒத்துப்போகவே இல்லை. மூன்று வாரம் திரும்பச் செய்தேன்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறதே, அதேபோல் செல்லின் சவ்வும் குளிரில் இறுகப் பார்க்கும். அதை இளக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பாக்டீரியா தன் கொழுப்பு அமிலங்களை மாற்றிக்கொள்கிறது. தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 டிகிரிதான். இன்குபேட்டரோ 37-ல் ஓடுகிறது.

அடுத்தது சாப்பாடு. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸில் கிளைச் சங்கிலி அமிலங்கள்தான் அதிகம், அதிலும் 15 கார்பன் ஆன்டிஐசோ. அது ஐசோலூசினிலிருந்து தொடங்குகிறது. 15 கார்பன் ஐசோ லூசினிலிருந்து. மீடியாவில் இந்த அமினோ அமிலங்களின் அளவு மாறினால் உன் பட்டியலும் மாறும். அதனால் முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை ஒரே டப்பா மீடியாவைப் பயன்படுத்து.

ரொம்பக் கவனம் வேண்டியது கொழுப்பு கலந்த மீடியாவில்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஒலியிக் அமிலத்தைத் தானாகச் செய்வதில்லை. சீரத்தில் வளர்த்தால் அங்கிருந்து எடுத்துச் சவ்வில் சேர்த்துக்கொள்ளும். கோரினிபாக்டீரியம் ஜெய்கியத்துக்கோ கொழுப்பு அமிலம் செய்யும் நொதியே இல்லை, வெளியிலிருந்து கிடைத்தால்தான் வளரும். அதற்கு ட்வீன் 80 சேர்ப்பாய். ட்வீன் 80-ல் இருப்பதே பெரும்பாலும் ஒலியிக் அமிலம்தான்! அப்புறம் ஜி.சி.யில் பெரிய ஒலியிக் பீக் வந்தால், அதை அந்தப் பாக்டீரியாவின் அடையாளம் என்று எழுதிவிடாதேடி.

கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் காற்றில்லாமல், மெதுவாக, பல நாள் எடுத்து வளரும். எபிடெர்மிடிஸோடு சேர்த்து 24 மணி நேரத்தில் அதை எடுக்காதே. கடிகாரத்தைவிட வளர்ச்சி நிலையைப் பார்த்து எடு. கிழடு தட்டிய காலனி வேறு கணக்குக் காட்டும்.

செல்களைச் சுரண்டும்போது அகர் ஒட்டி வராமல் பார். செல் போடாத வெறும் மீடியா ஒன்றையும் அதே டிகிரியில் வைத்து, அதே காரம், அதே மெத்தனால் என எல்லாப் படியும் தாண்டி ஜி.சி.யில் ஓட்டு. அதில் வரும் பீக்குகளை முதலில் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிவிட்டு, பிறகு எனக்கு போன் பண்ணு.