சிறுநீரில் கசியும் புரதம்: கிரியாட்டினின் சொல்லாத செய்தி

பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ள ஒருவர், தம் மனைவியுடன் எமது புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். ஆண்டுதோறும் செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். எல்லா ஆண்டுகளிலும் கிரியாட்டினின் 1.0-ஐ ஒட்டியே இருந்தது. "கிட்னியில் குறை ஒன்றுமில்லை என்றுதான் இதுவரை இருந்தோம், டாக்டர். சில வாரங்களாகச் சிறுநீர் நுரைத்துப் போகிறது" என்றார். அந்தக் கோப்பில் ஒரே ஒரு பரிசோதனை மட்டும் இல்லை: சிறுநீரில் ஆல்புமின் அளவு. அதைச் செய்து பார்த்தபோது 640 என வந்தது. இயல்பான அளவு 30-க்குக் கீழ்.

இவரைப் போன்றவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் சேர்ந்தால்தான் சிறுநீரகத்தின் நிலை முழுமையாகத் தெரியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடிகட்டியில் நடப்பது என்ன?

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் அவற்றின் வழியே வடிகிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் நிறைந்திருக்கும் ஆல்புமின் என்னும் புரதத்தை நலமான வடிகட்டி வெளியே விடுவதில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வடிகட்டியின் சுவரைப் பழுதாக்கும்போது அது கசியத் தொடங்குகிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், 1827-இல் வெளியிட்ட நூலில் இத்தொடர்பை விளக்கினார். அக்காலத்தில் கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார்கள். ஆல்புமின் இருந்தால் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் உறையும். ஆனால் கசிவு மிகுந்த பின்னரே அவ்வாறு உறையும். இன்று அதைவிட மிகச் சிறிய கசிவையும் ஆய்வகத்தில் அளக்க முடிகிறது.

கிரியாட்டினின் ஏன் தாமதிக்கிறது?

கிரியாட்டினின் ஒரு புரதம் அன்று. தசைகளிலிருந்து வரும் கழிவுப்பொருள். சில வடிகட்டிகள் பழுதானால் எஞ்சியவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்த நலமான ஒருவருக்கும் கிரியாட்டினின் பெரும்பாலும் இயல்பு எல்லையை ஒட்டியே நிற்கும். ஆகவே அந்த எண் தெளிவாக உயரும் வேளையில் செயல்திறனில் ஏறக்குறையப் பாதி போயிருக்கலாம்.

உடல் மெலிந்த முதியவர்களுக்குத் தசை குறைவு என்பதால், கிரியாட்டினின் உண்மையைவிட நல்ல நிலையைக் காட்டக்கூடும். அத்தகையோருக்குச் சிஸ்டாட்டின் சி என்னும் மற்றொரு புரதத்தை இரத்தத்தில் அளப்பது உதவும். அது தசையின் அளவை அதிகம் சார்ந்ததன்று. தைராய்டு கோளாறு உள்ளவர்களும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவை இந்த அளவை மாற்றிவிடும்.

எண்களைப் படிக்கும் முறை

பரிசோதனையின் பெயர் சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். இதன் அலகு மி.கி./கிராம்.

• 30-க்குக் கீழ்: இயல்பு அல்லது மிகச் சிறிய உயர்வு.
• 30 முதல் 300 வரை: மிதமான கசிவு. பொதுவாக நுரையோ வீக்கமோ இராது. பரிசோதனை மட்டுமே இதைக் காட்டும்.
• 300-க்கு மேல்: கடுமையான கசிவு. சிறுநீரகத்துக்கு மட்டுமன்றி இதயத்துக்கும் எச்சரிக்கை.

ஒரே ஒரு முடிவைக் கண்டு அஞ்ச வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய், மிகுந்த சர்க்கரை ஆகியவற்றாலும் அளவு தற்காலிகமாக உயரும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்ளப்படும். காலையில் முதலில் வரும் சிறுநீரின் நடுப்பகுதியைக் கொடுப்பது சிறந்தது. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் நோய் கண்டறியப்பட்ட நாள் முதல் ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டும். முதல் வகை நீரிழிவில் ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் தொடங்கலாம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. ஆனால் சில சிறுநீரக நோய்களில் ஆல்புமின் கசிவு குறைவாகவே இருக்கும். எனவே சிறுநீர்ப் பரிசோதனை நன்றாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனையைக் கைவிடக் கூடாது.

கசிவைக் குறைக்க முடியுமா?

முடியும். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்ற மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதுடன் வடிகட்டியின் உள் அழுத்தத்தையும் தணிக்கின்றன. டாபாகிளிப்ளோசின் போன்றவை நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்றே உயரலாம். அதைக் கண்டு நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள், எங்களிடம் காட்டுங்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடனே தொடர்புகொள்ளுங்கள். சில மருந்துகளைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேரலாம். கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும். உப்பைக் குறைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும், வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணாதிருப்பதும் மருந்துக்கு நிகரான துணை.

பருப்பை நிறுத்திவிடலாமா?

அந்த நோயாளியின் மனைவி கேட்ட முதல் கேள்வி இது: "புரதம் வீணாகப் போகிறதென்றால், கூடுதலாகக் கொடுப்பதா, நிறுத்திவிடுவதா?" இரண்டும் வேண்டாம். உண்ட பருப்பு அப்படியே சிறுநீரில் வருவதில்லை. கசிவது உடல் உருவாக்கிய புரதம். அதிகப் புரதம் வடிகட்டிகளின் சுமையைக் கூட்டும்; அறவே தவிர்த்தால் உடல் நலியும். டயாலிசிஸ் தேவைப்படாத நாள்பட்ட நோயாளிகளுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இதைவிடக் கூடுதல் தேவை. புரதப் பொடிகளை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் அவருடைய அளவு 640-லிருந்து 380-ஆகக் குறைந்தது. நோய் நீங்கிவிடவில்லை, ஆனால் சிறுநீரகம் உழைக்கும் ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ள வழி பிறந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இப்பரிசோதனையைச் செய்திருந்தால் அந்த வழி இன்னும் அகலமாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டில் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவரின் கோப்பை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் சிறுநீர் ஆல்புமின் முடிவு இல்லையெனில், அடுத்த முறை வரும்போது அதை நீங்களே கேளுங்கள்.