கணிப்பொறியின் சூட்டைத் தணிப்பது எப்படி?

அளவுக்கு மீறிச் சிந்தித்தால் தலை சூடாகும் என்பது நம்மவர் பேச்சு. மனிதனைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சாக இருக்கலாம். கணிப்பொறிக்கோ அது முழு உண்மை. 1946இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய எனியாக் என்னும் பொறி 150 கிலோவாட்டு மின்திறனை உண்டு, அவ்வளவையும் வெப்பமாகவே வெளியிட்டது. நம் மேசைமேல் இருப்பது அதனினும் எத்தனையோ மடங்கு திறமை மிக்கது. எனினும் உண்ட மின்சாரமெல்லாம் இறுதியில் சூடாக வேண்டும் என்ற விதிக்கு அதுவும் தப்பவில்லை.

இந்தப் பாடத்தை நான் நூலகத்தில் படிக்கவில்லை. கட்கியில், என் சித்தப்பா வீட்டு மாடியறையில், சென்ற ஏப்ரல் மாதத்துப் புழுக்கத்தில் கற்றேன். கட்கி என்றால் புனேயை அறியாதவர்களுக்கு விளங்காது. வெள்ளையர் காலத்தில் கிர்க்கி என வழங்கிய படைநகர் அது; 1869இல் நிறுவிய வெடிபொருள் தொழிற்சாலை இன்றும் அங்கே உண்டு. பட்டறை வேலைக்காக அங்கு வந்து சேர்ந்தவர் சித்தப்பா. படிப்பிற்காக அவரிடம் வந்து ஒண்டிக்கொண்டவன் நான்.

முதுகலை ஆய்விற்காக மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் வேலை எனக்கு. ஊரில் அம்மா கட்டிய சீட்டுப் பணத்தில் ஒரு பழைய கணிப்பொறி வாங்கியிருந்தேன். அதன் செயலி 2019இல் வெளிவந்த ரைசன் 9 3900எக்ஸ். பன்னிரண்டு உள்ளகங்கள் கொண்டது. முழுமூச்சாக இயங்கும்போது 142 வாட்டு வரை உண்ணும். இரண்டு கூரை விசிறிகள் உண்ணும் மின்சாரம் ஒரு தீப்பெட்டியைவிடச் சிறிய இடத்தில் சூடாக மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்! அதனுடன் வந்த சிறு விசிறி அலறியது. கீழ்வீட்டில் சித்தி உறங்க முடியவில்லை. அப்படி அலறியும் வெப்பமானி 95 பாகை சென்டிகிரேடைக் காட்டியது. அந்த எல்லையைத் தொட்டதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ஆய்வேடு கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே பெரிய குளிர்விப்பான் ஒன்றைத் தேடினேன். ஆஸ்திரியா நாட்டு நாக்டுவா நிறுவனம் 2014இல் வெளியிட்ட என்.எச். டி15 என்பது, பழையதாக, ஒரு மாணவரிடம் கிடைத்தது. விசிறிகள் இரண்டையும் சேர்த்து 1,320 கிராம் எடை. 165 மில்லிமீட்டர் உயரம். அலுமினியத் தகடுகளை இரட்டைக் கோபுரமாக அடுக்கி, ஆறு செப்புக் குழல்களை ஊடே செலுத்தியிருப்பார்கள்.

அந்தக் குழல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவற்றைக் கெட்டியான செப்புக் கம்பிகள் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அவை உள்ளே காலியானவை. காற்றை அகற்றி, சிறிதளவு நீரை விட்டு, இருமுனையும் அடைத்தவை. அழுத்தம் மிகக் குறைவாதலின் நீர் நூறு பாகைக்குக் காத்திராமல் இளஞ்சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மேலே தகடுகளிடையே உள்ள குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகும். குழலின் உட்சுவரில் பூசிய நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, அந்நீரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் நிற்கிறதே, அதே தொழில்தான். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். எனவே 142 வாட்டு வெப்பத்தைச் சுமந்து செல்ல, ஆறு குழல்களிலும் சேர்த்து, விநாடிக்கு ஒரு துளியளவு நீர் ஆவியானால் போதும். இதைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

ஆனால் இத்தனை வேலைப்பாடும் ஓர் இடத்தில் வீணாகலாம். செயலியின் மூடியும் குளிர்விப்பானின் அடித்தளமும் சந்திக்கும் இடமே அது. இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உடையவை. இடையே காற்று தங்கிவிடும். காற்றோ செம்பைவிடப் பதினையாயிரம் மடங்கு மட்டமான வெப்பக் கடத்தி. மூடியின் பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். தலைமயிரின் கனத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர், காற்றுப்படலம் முழுப்பரப்பிலும் இருப்பதாகக் கொள்வோம். 142 வாட்டு வெப்பம் அதைக் கடக்க இருபுறத்திற்கும் இடையே ஏறக்குறைய 97 பாகை வேறுபாடு தேவை! அதே இடத்தைத் தெர்மல் பேஸ்ட் எனக் கடைகளில் விற்கும் வெப்பப் பசை நிரப்பினால் அரைப் பாகையே போதும். நடைமுறையில் உலோகம் உலோகத்தை அங்கங்கே தொடுவதால் காற்றின் தீமை இவ்வளவு முற்றாது. எனினும் ஒரு கிலோ உலோகத்தின் பயனை மயிரிழைக் காற்று கெடுக்க வல்லது என்பதற்கு இக்கணக்குப் போதாதா?

இனி என் அறிவீனத்தைச் சொல்கிறேன். பழைய குளிர்விப்பானைக் கழற்றுமுன் பொறியைப் பத்து நிமிடம் இயக்கிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது காய்ந்த பசை இளகும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கொக்கியை விடுவித்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நானோ விடியற்காலையில், பொறி சில்லிட்டிருக்கையில், ஒரே இழுப்பாக மேலே இழுத்தேன். செயலியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஏ.எம்.4 என்ற இவ்வகைச் செயலிக்கு அடியில் 1,331 ஊசிக்கால்கள் உண்டு. அவற்றில் மூன்று வளைந்திருந்தன. வேறு வாங்கப் பணம் இல்லை. அம்மாவிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஓடிப்போய்ச் சித்தப்பாவை எழுப்பினேன். அவர் வாய்பேசாமல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். “அழாதேடா தம்பி, இரும்பா ஒடிந்துபோக? மெல்லச் செய்தால் நிமிரும்” என்றார். சித்தியின் தையல் நூலை இடையில் விட்டு வாள்போல் அறுத்துச் செயலியைப் பிரித்தெடுத்தார். பின்பு குச்சி நீக்கிய இயந்திரப் பென்சிலின் குழல்முனையை ஒவ்வொரு காலிலும் நுழைத்து இம்மியிம்மியாக நிமிர்த்தினார். முப்பது ஆண்டுகள் அளவுகருவிகளோடு பழகிய கை அது. நான் மூச்சுவிடவும் அஞ்சி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மற்றவை எளிது. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்தேன். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் பழைய பிளாஸ்டிக் தாங்கிகளைப் பிடித்திருக்கும் திருகுகள் நான்கு. அவற்றைக் கழற்றும்போது பலகையின் பின்புறத் தகட்டை மற்றொரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது கழன்று விழும். பெட்டியைப் படுக்கவைத்தே வேலை செய்தல் நன்று. புதிய தாங்கிகளைப் பூட்டி, செயலியின் நடுவில் பட்டாணியளவு பசையை வைத்தேன். குளிர்விப்பான் புதிதானால் அடித்தளத்தில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறவாதீர். அது காற்றினும் சற்றே மேலான கடத்தி, அவ்வளவுதான். நடு விசிறியைக் கழற்றினால்தான் திருகுகளுக்கு வழி கிடைக்கும். வில் பொருத்திய அவ்விரு திருகுகளையும் மாறி மாறி, இரண்டிரண்டு சுற்றாக முடுக்க வேண்டும். ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு மற்றதற்குச் சென்றால் தளம் சாய்ந்து, பசை ஒருபுறமாக ஒதுங்கிவிடும்.

வாங்குமுன் நான் அளக்காத ஒன்று பின்னரே தெரிந்தது. முன்விசிறியின் கீழ் ராம் அட்டைகளுக்கு 32 மில்லிமீட்டர் இடமே உண்டு. என் அட்டைகளின் உயரமோ 44. விசிறியைத் தூக்கி மாட்டலாம் என்றால் மொத்த உயரம் 177 ஆகும். என் பெட்டி 170க்கு மேல் இடங்கொடாது. ஆகவே நடு விசிறியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைப் பெட்டியின் முன்பக்கத்தில், வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டினேன். நீங்கள் வாங்குவதானால் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பொத்தானை அழுத்தியபோது சித்தப்பாவும் சித்தியும் பின்னால் நின்றிருந்தனர். விசிறி சுழன்றது, சில விநாடிகள் திரை இருண்டே கிடந்தது, பிறகு எழுத்துகள் தோன்றின. சித்தி, “காப்பி போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்று பகலில் அறையின் வெப்பநிலை 34 பாகை. முழு வேலையில் செயலி 80ஐத் தாண்டவில்லை. முன்னர் நாளொன்றுக்கு 31 நானோ விநாடி அசைவைக் கணித்த பொறி 35ஐக் கணித்தது. அதைவிட, இரைச்சல் அடங்கியதே வீட்டாருக்குப் பெரிதாயிற்று. ஆனால் அறை முன்போலவே வெந்தது. குளிர்விப்பான் என்ற பெயரே பொருந்தாது. சூட்டைச் செயலியிலிருந்து வாங்கி அறைக்குக் கொடுப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. புனே கடல்மட்டத்திற்குமேல் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதே வெப்பநிலையில் இங்குள்ள காற்றின் அடர்த்தி சென்னைக் காற்றினும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. விசிறிக்கு அந்த அளவு நட்டமும் உண்டு. சன்னலைத் திறந்துவைத்தேன்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நாளில் இதைக் கழற்றித் தனிப்பெட்டியில் வைத்தே கொண்டுபோக வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை நிமிர்ந்த பலகையில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு ஒன்றரை நாள் இரயிலில் குலுங்கினால் பலகை தாங்காது. பசைக் குழாயில் இன்னும் பாதி இருக்கிறது. கழற்றுமுன் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும் என்று பெட்டியின் மூடியில் சித்தப்பா தம் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.