மனைப்பொருளியல்: உடலமைப்பை இனங்கண்டு ஆடை தெரிவு செய்தல்

உடலை மறைத்தல், வெப்பம், குளிர், தூசு என்பவற்றிலிருந்து பாதுகாத்தல், சமூகத்தில் மதிப்பான தோற்றத்தைத் தருதல் ஆகியன ஆடையின் நோக்கங்கள் என்பதை ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். ஒரே கடையில், ஒரே துணியில், ஒரே மாதிரித் தைத்த இரு சட்டைகள் இருவருக்கு இரு விதமாகத் தோன்றுவது ஏன் என்பதே இந்த அலகின் வினா. இதற்கு உங்கள் வகுப்பறையே நல்ல உதாரணம். 1993 ஆம் ஆண்டு தொடக்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கப்பட்டதால் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வெள்ளைத் துணியையே அணிந்து வளர்ந்தார்கள். துணி ஒன்று, நிறம் ஒன்று, மாதிரியும் ஒன்று. ஆயினும் வரிசையில் நிற்கும்போது ஒருவர் உயரமாகவும் மற்றவர் அகலமாகவும் தெரிகிறார். வேறுபடுவது உடலமைப்பும், தைத்த விதமும் மட்டுமே.

பாடத்துக்குள் போக முன் ஒரு விடயம். விடைத்தாள்களில் "உடற்குறைபாடுகளை மறைப்பதற்கு" என்று பலர் எழுதுகிறீர்கள். உயரம் குறைந்திருப்பதோ இடுப்பு அகன்றிருப்பதோ குறைபாடு அன்று. "உடலமைப்புக்கு ஏற்ப", "சமநிலையான தோற்றத்தைப் பெறுவதற்கு" என்று எழுதிப் பழகுங்கள். புள்ளிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எனது வகுப்பில் அளவெடுக்கும் செய்முறையைச் செய்வித்தேன். ஒரு பிள்ளையின் அளவைப் பக்கத்துப் பிள்ளை சத்தமாக வாசிக்க, பின்வாங்கிலிருந்து சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு வகுப்புக்கு வரவில்லை. பிழை என்னுடையது. அன்றிலிருந்து இந்தச் செய்முறையை வீட்டில், அம்மாவோடோ அக்காவோடோ செய்து, அளவுகளைத் தமது கொப்பியில் மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்க.

அளவெடுத்தல்

உடலமைப்பைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதிலும் அளவுநாடாவால் தீர்மானிப்பது சரியானது. மெல்லிய உடையின் மேல், நேராக நின்று, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளவெடுக்க வேண்டும். நாடா நிலத்துக்குச் சமாந்தரமாக இருத்தல் அவசியம். முதுகுப் பக்கம் நாடா இறங்கிவிட்டால் அளவு பிழைக்கும். எடுக்க வேண்டிய சுற்றளவுகள் மூன்று: மார்பு, இடை, இடுப்பு.

இங்கேதான் பலர் தடுமாறுகிறீர்கள். வீட்டுப் பேச்சில் பாவாடை கட்டும் இடத்தை "இடுப்பு" என்கிறோம். தையலில் அது இடை. உடற்பகுதியில் மிக ஒடுங்கிய இடம், தொப்புளுக்குச் சற்று மேலாக வரும். இடுப்பு என்பது அதற்குக் கீழே, பின்புறம் மிக அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவு. இரண்டையும் மாற்றி எழுதினால் பின்னர் வரும் முழு விடையும் தலைகீழாகிவிடும்.

இனி அளவுகளை ஒப்பிடுவோம். எல்லைகள் நூலுக்கு நூல் சற்று மாறும். நாம் வசதிக்காக 5 செ.மீ. என்ற எல்லையைக் கொள்வோம். மார்பு 82 செ.மீ., இடை 68 செ.மீ., இடுப்பு 94 செ.மீ. உள்ள ஒரு மாணவியை எடுங்கள். இடுப்பு மார்பைவிட 12 செ.மீ. கூடியது. மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற இவ்வமைப்பு முக்கோண வடிவம் எனப்படும். இதற்கு மாறாக மார்பும் தோளும் அகன்று இடுப்பு ஒடுங்கியிருந்தால் அது தலைகீழ் முக்கோண வடிவம். மார்பு 86, இடை 76, இடுப்பு 88 எனின் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரில் வருகின்றன. இது செவ்வக வடிவம். மார்பும் இடுப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்து, இடை அவற்றைவிட 23 செ.மீ. அளவில் குறைந்திருந்தால் மணற்கடிகை வடிவம். இடை மற்ற இரண்டுக்கும் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வட்ட வடிவம்.

இவற்றுள் மணற்கடிகை வடிவமே "சரியான" வடிவம் என்றும், மற்ற நான்கும் அதிலிருந்து விலகியவை என்றும் பல சஞ்சிகைகள் எழுதும். உண்மை நிலை வேறு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 6,000 பெண்களின் அளவுகளை ஆராய்ந்து 2005 அளவில் வெளியான முடிவின்படி, 46 சதவீதமானோர் செவ்வக வடிவத்தினர். மணற்கடிகை வடிவத்தினர் 8 சதவீதம் மட்டுமே. அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். அது அந்நாட்டுப் பெண்களின் கணக்கு என்பதையும் மனதிற் கொள்க.

இன்னொன்று, உங்கள் வயதில் எடுக்கும் அளவு நிரந்தரமானதன்று. பருவமடைந்த பின் ஓமோன்களின் செயலால் பெண்பிள்ளைகளுக்கு இடுப்பும் ஆண்பிள்ளைகளுக்குத் தோளும் அகன்று வருகின்றன. இந்த வருடம் செவ்வகம் என்று குறித்தவர் அடுத்த வருடம் முக்கோணம் என்று குறிக்கக்கூடும். எனவேதான் வளரும் பிள்ளையின் உடையில் தையல் ஓரத்தில் கூடுதல் துணி விட்டு, கீழ் மடிப்பையும் அகலமாக வைத்துத் தைப்பார்கள். எனது சீருடையை அம்மா இரண்டு தடவை மடிப்பு இறக்கித் தந்தார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மங்கலான ஒரு கோடு சுற்றிவரத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடு என்னை இன்னும் கட்டையாகக் காட்டுகிறது என்று அப்போது நினைத்தேன். கிடைக்கோட்டின் விளைவைப் படிக்க முன்னரே அனுபவித்தவள் நான்.

கோடு, நிறம், இழையமைப்பு

உடலை மாற்ற முடியாது. பார்ப்பவரின் கண் போகும் பாதையை மாற்றலாம். இந்த அலகின் எல்லா விதிகளுக்கும் இதுவே அடிப்படை. நிலைக்குத்துக் கோடு கண்ணை மேலும் கீழும் கொண்டு செல்வதால் உயரமான தோற்றத்தையும், கிடைக்கோடு பக்கவாட்டில் கொண்டு செல்வதால் அகன்ற தோற்றத்தையும் தரும் என்பது பாடநூல் விதி. சாய்கோடு அசைவையும், வளைகோடு மென்மையையும் காட்டும்.

கோடு என்றவுடன் துணியில் அச்சிட்ட கோடுகளை மட்டும் நினைக்க வேண்டாம். முன்பக்கம் வரிசையாக வரும் பொத்தான்கள் ஒரு நிலைக்குத்துக் கோடு. சேலையின் கொய்யகம் பல நிலைக்குத்துக் கோடுகள். வேறு நிற இடுப்புப்பட்டி ஒரு கிடைக்கோடு. உடையின் விளிம்பு முடியும் இடமும் கிடைக்கோடுதான். இதனாலேயே முக்கோண வடிவத்தினர் அணியும் பஞ்சாபியின் மேற்சட்டை இடுப்பின் மிக அகன்ற இடத்தில் முடியக்கூடாது. அதற்குக் கீழே, தொடையின் நடுவிலோ முழங்காலடியிலோ முடிந்தால் கண் அகன்ற இடத்தில் தங்காது.

இப்போது ஒரு சிறு செய்முறை. கொப்பியில் 4 செ.மீ. பக்கமுள்ள இரு சதுரங்கள் வரைக. ஒன்றை 4 மி.மீ. இடைவெளியில் கிடைக்கோடுகளாலும் மற்றதை அதே இடைவெளியில் நிலைக்குத்துக் கோடுகளாலும் நிரப்புக. எட்டத்தில் வைத்துப் பாருங்கள். எது உயரமாகத் தெரிகிறது? விதிப்படி நிலைக்குத்துக் கோட்டுச் சதுரம் உயரமாகத் தெரிய வேண்டும். ஆனால் கிடைக்கோட்டுச் சதுரமே உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும். இதை ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1867 இலேயே எழுதியிருக்கிறார். கிடைக்கோட்டு உடை பெண்களை உயரமாகக் காட்டும் என்றும் குறிப்பிட்டார். 2011 இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, நிலைக்குத்துக் கோட்டு உருவை 7.1 சதவீதம் நீட்டினால்தான் அது கிடைக்கோட்டுச் சதுரத்தின் உயரத்துக்குச் சமமாகத் தோன்றியது. பெண்ணுருவப் படத்தில் உடையாக வரைந்து பார்த்தபோதும் இந்த விளைவு மாறவில்லை.

அப்படியானால் எதை எழுதுவது? பரீட்சையில் பாடநூல் விதியையே எழுதுக; புள்ளித் திட்டம் அதைத்தான் எதிர்பார்க்கும். கடையில் துணி வாங்கும்போது வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். உடலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிக்கும் தனிக்கோடு வேறு, துணி முழுவதும் சம இடைவெளியில் நிரம்பிய மெல்லிய கோடுகள் வேறு. கோடு போட்ட சேட்டைக் கண்டவுடன் "எனக்குச் சரிவராது" என்று திருப்பி வைக்கத் தேவையில்லை. போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை வெளிர் நிறப் பரப்பு அதேயளவு கடும் நிறப் பரப்பைவிடப் பெரிதாகத் தோன்றும். எனவே முக்கோண வடிவத்தினருக்கு வெளிர் நிற மேற்சட்டையும் கடும் நிறப் பாவாடையும், தலைகீழ் முக்கோண வடிவத்தினருக்கு அதன் மறுதலையும் பொருந்தும். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் வந்தால் கண் எங்கும் தடைப்படாது. உயரம் குறைந்தவர்களுக்கும் வட்ட வடிவத்தினருக்கும் இது உகந்தது. முஸ்லிம் மாணவிகள் அணியும் அபாயா இதற்கு நல்ல உதாரணம். ஆண்பிள்ளைகளும் கவனிக்க: உயரம் குறைந்தவர் நீளமான சேட்டை வெளியே விட்டால் கால்கள் குறுகித் தெரியும். காற்சட்டையின் நிறத்திலேயே இடுப்புப்பட்டி அணிந்தால் நடுவில் வெட்டு விழாது.

இழையமைப்பில் நினைவிற் கொள்ள வேண்டியது, விறைப்பான துணியும் மினுங்கும் துணியும் பருமனைக் கூட்டிக் காட்டும் என்பதே. கஞ்சி போட்ட பருத்தி, ஓகண்டி, சற்றின் என்பன இவ்வகையின. மெலிந்தவர்களுக்கு அவை நல்லவை. ஜோர்ஜெற், மென்பருத்தி போன்றவை உடலோடு படிந்து விழும். ஆயினும் எமது வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சாத துணி உகந்ததன்று. தோற்றத்துக்காகப் பகல் முழுவதும் வேர்த்துக்கொண்டிருப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

செவ்வக வடிவத்தினர் இடையில் பட்டி, முடிச்சு, சுருக்கு என்பவற்றால் இடையை எடுத்துக்காட்டலாம். மணற்கடிகை வடிவத்தினர் இடையின் நேரிலேயே பொருந்தும்படி தைத்தால் போதும். வட்ட வடிவத்தினருக்கு "வி" வடிவக் கழுத்து நன்று. உடை மிக இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, கூடாரம் போலத் தொளதொளத்தும் இருக்கக்கூடாது; இரண்டுமே பருமனைக் கூட்டும்.

மாதிரி வினா

உயரம் குறைந்த, இடுப்புப் பகுதி அகன்ற உமது அக்கா திருமண வைபவமொன்றுக்குச் சேலை தெரிவு செய்ய உமது உதவியை நாடுகிறார். (அ) அவரது உடலமைப்பைக் குறிப்பிடுக. (ஆ) பொருத்தமான சேலையின் இயல்புகள் மூன்றைக் காரணத்துடன் தருக.

(அ) க்கு "உயரம் குறைந்த முக்கோண வடிவம்" என்றால் போதும். (ஆ) இல்தான் புள்ளிகள் போகின்றன. "சிறிய கரைச் சேலை" என்று மட்டும் எழுதினால் அது இயல்பு, காரணம் எங்கே? கணக்கைப் பாருங்கள். சேலைக் கரை 23 செ.மீ. அகலம் என்க. இடை வரை 92 செ.மீ. உயரமுள்ள ஒருவர் உடுத்தால், இடைக்குக் கீழே தெரியும் பகுதியின் காற்பங்கைக் கரையே எடுத்துவிடும். இடை வரை 107 செ.மீ. உள்ளவருக்கு அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். உயரம் குறைந்தால் மேலே செருகும் துணி கூடுமே தவிர, கரையின் அகலம் குறையாது. ஆகவே விடை இவ்வாறு அமையலாம்:

"ஒடுங்கிய கரையுள்ள சேலை, அகன்ற கரை கிடைக்கோடாக நின்று உயரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதால். மென்மையாகப் படியும் துணி. கொய்யகம் உப்பாமல் நிலைக்குத்தாக விழுந்து இடுப்பின் அகலத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால். கடும் நிற உடலும், சேலையின் நிறத்தைச் சார்ந்த, கழுத்தருகே வேலைப்பாடுள்ள சட்டையும். கவனம் முகத்தின் பக்கம் ஈர்க்கப்படும் என்பதால்."

ஒவ்வொரு வரியும் "என்பதால்" என்று முடிவதைக் கவனித்தீர்களா? விடை எழுதி முடித்ததும் அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். மூன்று இயல்பு கேட்டால் மூன்று தடவை வந்திருக்க வேண்டும். அக்காவிடம் ஏற்கெனவே அகன்ற கரைக் காஞ்சிபுரம் பட்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். அதையே உடுக்கலாம். தலைப்பை மடித்துக் குத்தி நிலைக்குத்தாக விழவிட்டு, சற்று உயர்ந்த செருப்பும் போட்டால் சரி. வைபவத்துக்காகப் புதுச் சேலை வாங்கக் கடன்பட வேண்டியதில்லை.

பயிற்சி

1. இடை, இடுப்பு ஆகியவற்றை வேறுபடுத்துக.

2. மார்பு 96 செ.மீ., இடை 80 செ.மீ., இடுப்பு 88 செ.மீ. உள்ளவரின் உடலமைப்பைக் குறிப்பிட்டு, அவருக்குப் பொருந்தும் மேற்சட்டையின் கை அமைப்பு ஒன்றைக் காரணத்துடன் தருக. (உப்பிய கை என்று எழுதியவர்கள் தோளின் அகலத்தை மறுபடி யோசிக்கவும்.)

3. உமது சீருடையில் காணப்படும் நிலைக்குத்துக் கோடுகள் இரண்டையும் கிடைக்கோடுகள் இரண்டையும் குறிப்பிடுக. மடிப்பு இறக்கிய அடையாளம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.