பைத்தியம் இல்லீங்க

“பையனுக்குப் புத்தி பிசகிப்போச்சுங்க. ஓதியும் பாத்தாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. நீங்க ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தீங்கன்னா பழையபடி தொழுவான்.”

அத்தா, மாமா, மூத்த மச்சான் என்று ஆள் மாற்றி ஆள் வந்து இதையே சொல்கிறார்கள். நான் ஆலோசகர், மாத்திரை எழுத எனக்கு உரிமை கிடையாது. எழுதத் தெரிந்த மருத்துவரிடமும் இதற்கு மாத்திரை இல்லை. இஸ்லாத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவன் சொல்வது நோய் அல்ல. எத்தனை தடவை சொல்வது?

கோவை உக்கடத்து முஸ்லிம்களின் பேச்சு என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணைப் பொள்ளாச்சியிலிருந்து கூட்டி வருபவர்களும் “செய்வினை வெச்சுட்டானுங்க” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மூன்றாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தன் சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994-லேயே மத நம்பிக்கை ஆட்டம் காண்பதற்குத் தனித் தலைப்பு கொடுத்தது, கவனிக்க வேண்டிய சிக்கல் என்று. நோய்ப் பட்டியலில் அது இல்லை. காதில் குரல் கேட்கிறது, மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை, தானே இறைத்தூதர் என்கிறான் என்றால் உடனே கூட்டி வாருங்கள். “எனக்கு நம்பிக்கை இல்லை மாமா” என்று நிதானமாகச் சொல்பவனை ஏன் இழுத்து வருகிறீர்கள்?

“அப்ப ஏன் சாப்பிட மாட்டேங்கறான்?” நியாயமான கேள்விதான். அடையாளம் தெரியாதபடி ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் வாலாங்குளத்துக் கரையில் நிற்பான். ஜும்ஆ முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம் பார்த்து, தெருமுனையில் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். “இன்னைக்கு பயான் எதைப் பத்திடா?” என்பார் அம்மா. அதைப் பள்ளிக்குப் போன நண்பனிடம் போனில் முன்பே கேட்டு வைத்திருப்பான். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிற அம்மா அவர். நாளை அத்தா மௌத்தானால் ஜனாஸா தொழுகையில் தான் எங்கே நிற்பது என்று கேட்டு அழுதான். இப்படி இருப்பவனுக்குப் பசிக்குமா?

பயப்படுகிறானே, அது நோய்தானே என்பார்கள். திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பழைய இரும்பு வியாபாரி ஃபாரூக், கடவுள் இல்லை என்று வெளிப்படையாகப் பேசியவர், 31 வயதில் இதே ஊரில் 2017 மார்ச் 16 இரவு வெட்டிக் கொல்லப்பட்டார். மகனின் இயக்கத்தில் நானும் சேர்கிறேன் என்றார் அவருடைய தந்தை. மேலே சொன்ன சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது மூன்று வாரமும் ஒரு நாளும் கழித்து, ஏப்ரல் 7. இந்த ஊரில் அந்தப் பயத்தைப் பிரமை என்று நான் எழுத மாட்டேன்.

இன்னொரு பயமும் உண்டு. 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பையும் பார்த்த ஊர் இது. “நான் விட்டுட்டேன்னு சொன்னா கைதட்ட ஒரு கூட்டம் காத்திருக்குங்க. அந்தக் கை எங்க அத்தாவை அடிக்கிற கை” என்றான் ஒருவன். அவனுக்கும் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். மதத்தை விட்டால் நிம்மதி தானாக வருமாம். இது பகுத்தறிவுத் தோழர்கள் பரப்புவது. வருவது முதலில் துக்கம். தைரியமாக அறிவித்துவிட வேண்டுமாம். வீட்டுச் சோற்றில் படிக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்பவர் அவனுக்கு அறை வாடகை கொடுப்பாரா? வாளையாறு தாண்டினால் கேரளத்தில் முன்னாள் முஸ்லிம்கள் சங்கம் வைத்தே பேசுகிறார்கள், உண்மைதான். அந்தத் துணை கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனம் ஆகாது. மதமே மனநோய்க்குக் காரணம் என்பது அடுத்த உளறல். தொழுகையைப் பிடித்துக்கொண்டு துக்கத்திலிருந்து எழுந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தினால் நானும் சண்டைக்கு வரமாட்டேன். கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கிடந்த 28 பேர் செத்தார்கள்.

ஆலோசகரிடம் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. இரகசியம் காப்பது அந்த மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். ஆனால் நம் ஆலோசனை அறைகள் பலவற்றில் கதவே கிடையாது! ஒரு திரைச்சீலை, அல்லது முக்கால் உயரத்துக்கு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் மாமா உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் பையன் “எல்லாம் நல்லா இருக்குங்க” என்பான். மேசையும் மீன்தொட்டியும் வாங்கக் காசிருக்கிற சக ஆலோசகர்களே, முதலில் சாத்தினால் சத்தம் வெளியே போகாத கதவு ஒன்று போடுங்கள். நான் போன வருஷம் போட்டேன். வாடகைக் கட்டடம், கதவு நிலையைப் பெயர்த்ததற்குக் கட்டடக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.